குண்டு பாதி, தண்ணீர் மீதி

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்ட கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. சுமார் 130 குண்டுகளைச் செலவழித்துவிட்டு இருட்டில் மறைந்தது. உயர் நீதிமன்ற மதிலில் இருக்கும் கல்வெட்டோடு பெரும்பாலும் அந்தக் கதையை முடித்துவிடுகிறோம். அதற்கடுத்த ஏழு வாரங்களில் அந்தக் கப்பல் செய்ததும் அதற்கு நேர்ந்ததும்தான் என்னைக் கடற்போர் வரலாற்றுக்குள் இழுத்துவந்தன.

அக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் க்ரூசர் ஜெம்சுக்கின் மீது ஒரு டார்பிடோ விட்டது, பீரங்கிகளால் சரமாரியாகச் சுட்டது, திரும்பி வந்து இன்னொரு டார்பிடோ விட்டது. இரண்டாவது டார்பிடோவோடு ஜெம்சுக் வெடித்து அடியில் போனது. வெளியே வரும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சு நாசகாரிக் கப்பலுக்குப் பீரங்கியே போதுமானதாக இருந்தது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனின் முறை வந்தது. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் 6 அங்குலப் பீரங்கிகள். எம்டனிடம் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள், அதாவது நான்கு அங்குலத்துக்குச் சற்றே மேல். தொடக்கத்தில் எம்டன்தான் குறி தவறாமல் அடித்தது. ஆனால் அதன் ஒரு குண்டின் எடை சிட்னியின் குண்டில் பாதிகூட இல்லை. சிட்னி சுட்ட சுமார் 670 குண்டுகளில் ஏறத்தாழ 100 பட்டதாகக் கணக்கு. புகைபோக்கிகள் விழுந்தன, முன் பாய்மரம் சாய்ந்தது, பீரங்கிக்காரர்கள் பீரங்கி அருகிலேயே மாண்டார்கள், 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கேப்டன் ஃபான் முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். எம்டன் மூழ்கவேயில்லை. அதன் கூடு 1950கள் வரை அந்தப் பாறைமேல் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு ஜப்பானிய நிறுவனம் ஒன்று வந்து அறுத்து எடுத்துப் போனது.

அதே நாளில், அதே கடலில் இன்னொரு கப்பல் மூழ்கியது. எம்டன் பிடித்துவைத்திருந்த பரெஸ்க் என்ற நிலக்கரிக் கப்பலைச் சிட்னி துரத்திப் பிடித்தபோது, அதிலிருந்த ஜெர்மானியர்கள் கடல்நீர் வால்வுகளை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள். போரே புரியாத கப்பல் கடலடிக்குப் போனது. நூறு குண்டு வாங்கிய கப்பல் நாற்பது வருடம் வெயில் காய்ந்தது.

பாறைமேல் ஏறிய கப்பல் எப்படி மூழ்கும் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஆனால் பாறை வரைக்கும் ஓடிவர அதனால் முடிந்தது என்பதையும் கவனியுங்கள். போரிட ஒரு பீரங்கியும் மிச்சமில்லாத கப்பலுக்கு இன்ஜினும் மிதப்பும் இருந்தன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், நூறாண்டுகளாக நடக்கும் பல வாக்குவாதங்கள் தெளிந்துவிடும் என்பது என் கருத்து. கப்பலைத் தோற்கடிப்பது ஒரு வேலை. அதை மூழ்கடிப்பது வேறொரு வேலை. பீரங்கி முதல் வேலைக்கென்றே பிறந்தது. இரண்டாவது வேலையைத் தண்ணீர்தான் செய்யவேண்டும். பீரங்கி அதற்கு வழிவிடலாம், அவ்வளவுதான்.

காரணம் எளிது. குண்டு காற்றில் பறந்து வருகிறது. பெரும்பாலும் நீர்க்கோட்டுக்கு மேலேதான் படும். மேலே விழும் ஓட்டையில் காற்று நுழையும், நெருப்பு நுழையும், மரணம் நுழையும். தண்ணீர் உடனே நுழையாது. டார்பிடோவும் கண்ணிவெடியும் நீர்க்கோட்டுக்குக் கீழே அடிப்பவை. அங்கே ஒரு அடி ஓட்டை என்றாலும் கடலின் முழு அழுத்தமும் பின்னால் நின்று தள்ளும்.

அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான கப்பல்கள் எடை தாங்காமல் நேராக இறங்கி மூழ்குவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, கவிழ்ந்து மூழ்குகின்றன. பாதி தண்ணீர் உள்ள அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஒருவர் கை சற்றுத் தாழ்ந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி இன்னும் தாழ்த்தும். கப்பலின் அகலமான தளம் ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர் தங்கினால் இதேதான் நடக்கும். தீயணைக்க மேல்தளத்தில் பாய்ச்சும் தண்ணீரே கப்பலைக் கவிழ்த்துவிடக்கூடும். என் தாய்மாமா சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். எந்தக் கப்பல் விபத்துச் செய்தியைக் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஓட்டை எவ்வளவு பெருசுன்னு எனக்கு எதுக்குடா சொல்றே மாப்ள? கதவு சாத்தியிருந்துச்சா, அதைச் சொல்லு."

மரக்கப்பல் காலத்தில் இது இன்னும் வெளிப்படை. 1805 அக்டோபர் 21, ட்ரஃபால்கர். 60 பெரிய போர்க்கப்பல்கள் மணிக்கணக்கில், சில இடங்களில் பக்கத்தோடு பக்கம் உரசிக்கொண்டு, பீரங்கியால் அடித்துக்கொண்டன. மாலைக்குள் போர்க்களத்திலேயே அழிந்தது ஒரே ஒரு கப்பல், பிரெஞ்சுக் கப்பல் அஷீல். அதுவும் தீப்பிடித்து வெடித்தது. மற்றவை பாய்மரம் ஒடிந்து, ஆட்கள் செத்து, சரணடைந்தன. பிடிபட்ட கப்பல்கள் பலவற்றை அடுத்த சில நாட்கள் அடித்த புயல்தான் விழுங்கியது. தடித்த ஓக் பலகையில் உருண்டைக் குண்டு போடும் ஓட்டையைத் தச்சர்கள் உள்ளிருந்து கட்டையடித்து அடைத்துவிடுவார்கள்; மரமோ தானாகவே மிதக்கும் பொருள். அந்தக் காலத்து மாலுமிகள் கப்பலை மூழ்கடிக்க வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. பிடித்துக்கொண்டு போனால் பரிசுப் பணம் கிடைக்கும்.

இரும்புக் கவசம் வந்தபோது பீரங்கி கொஞ்ச காலம் வெட்கப்பட்டு நின்றது. 1862 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் ஹாம்ப்டன் ரோட்ஸில் மானிட்டரும் வர்ஜீனியாவும் மணிக்கணக்காகச் சுட்டுக்கொண்டு, ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியாமல் பிரிந்தன. முந்தின நாள் வர்ஜீனியா கம்பர்லண்ட் என்ற மரக்கப்பலை முகப்பால் முட்டி மூழ்கடித்திருந்தது. 1866இல் லிஸ்ஸா போரில் ஆஸ்திரியக் கப்பல் இத்தாலியின் ரே டிடாலியாவை முட்டிச் சில நிமிடங்களில் அனுப்பிவைத்தது. கடற்படைகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், 'எல்லாக் கப்பலுக்கும் கொம்பு வைப்போம்' என்பது. முப்பது ஆண்டுகள் கொம்பு வைத்துக் கட்டினார்கள். அந்தக் கொம்பு குத்திய மிகப் புகழ்பெற்ற பலி, 1893 ஜூன் 22 அன்று அணிவகுப்புப் பயிற்சியில் சொந்தப் படைக் கப்பல் கேம்பர்டவுன் முட்டி மூழ்கிய பிரிட்டிஷ் கொடிக்கப்பல் விக்டோரியா. 358 பேர். வெயிலுக்காகத் திறந்துவைத்திருந்த கதவுகளும் திறப்புகளும் அந்தக் கப்பலின் முடிவை விரைவுபடுத்தின. மாமாவின் கேள்வி அங்கேயும் செல்லும்.

பீரங்கி மறுபடி தலைநிமிர்ந்தது 1905 மே 27 அன்று, சுஷிமாவில். அட்மிரல் டோகோவின் ஜப்பானியக் கப்பல்கள் ஷிமோசே என்ற வீரியமான வெடிமருந்து நிரப்பிய குண்டுகளைப் பயன்படுத்தின. கவசத்தைத் துளைப்பதைவிட, பட்ட இடத்தில் வெடித்து எரிப்பதுதான் அவற்றின் வேலை. ரஷ்யக் கப்பல்களோ பால்டிக் கடலிலிருந்து பாதி உலகம் சுற்றி வந்தவை. வழிக்கு வேண்டும் என்று அளவுக்கு மீறி நிலக்கரி ஏற்றியிருந்ததால் நீர்க்கோட்டைக் காக்கவேண்டிய கவசப் பட்டை தண்ணீருக்குள் இறங்கிப்போயிருந்தது. ஒஸ்லியாப்யா என்ற போர்க்கப்பலுக்குக் கவசமில்லாத முன்பகுதியில், நீர்க்கோட்டை ஒட்டிக் குண்டுகள் விழுந்தன. போர் தொடங்கி ஒரு மணி நேரம் அளவில் அது கவிழ்ந்து போய்விட்டது. கொடிக்கப்பல் சுவோரவோ அதைவிட அதிகம் அடி வாங்கியது. மேலே எல்லாம் எரிந்து, சுக்கான் பழுதாகி, அட்மிரல் ரோஜெஸ்ட்வென்ஸ்கி காயத்தோடு வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டார். அந்த எரியும் கூடு மாலை வரை மிதந்தது. அதை முடித்துவைக்க டார்பிடோப் படகுகள் வரவேண்டியிருந்தது. ஒரே நாள், ஒரே எதிரி, ஒரே வகைக் குண்டு. எங்கே பட்டது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இனி ஜட்லாந்து. இந்த ஒரு போரைப் பற்றி மட்டும் எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது.

1916 மே 31 மாலை, டென்மார்க்குக்கு மேற்கே வட கடலில் சுமார் 250 கப்பல்கள் மோதின. நான்கு மணி சுமாருக்கு இன்டெஃபேட்டிகபிள் வெடித்தது. நான்கு இருபத்தாறுக்குக் குயின் மேரி. ஆறு முப்பத்து நான்குக்கு இன்வின்சிபிள். மூன்றும் பிரிட்டிஷ் பேட்டில் க்ரூசர்கள். பெரிய பீரங்கி, நல்ல வேகம், மெல்லிய கவசம் என்ற கணக்கில் கட்டியவை. இன்வின்சிபிளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பிழைத்தது ஆறு பேர். மூன்று கப்பல்களிலும் சேர்த்து 3,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று பிரிட்டன் இழந்த 6,094 பேரில் பாதிக்கு மேல் இந்த மூன்று வெடிப்புகளில் போனவர்கள்.

இத்தனைக்கும் இரு தரப்பிலும் சுட்ட பெரிய குண்டுகளில் குறியில் பட்டவை நூற்றுக்கு மூன்று அளவில்தான். பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், ஆடும் தளத்திலிருந்து, ஓடும் இலக்கை அடிப்பது அப்படிப்பட்ட வேலை. அந்த மூன்றில் ஒன்று எங்கே விழுகிறது என்பதில் ஆயிரம் உயிர்கள் இருந்தன.

கவசம் போதவில்லை, மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு குண்டு வெடிமருந்துக் கிடங்குக்குள் போய்விட்டது என்பது முதலில் பரவிய விளக்கம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். கப்பல் கட்டியவர்கள் மேல் பழி போகும், ஓட்டியவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். பின்னாளில் ஆய்வாளர்கள் பொறுமையாகக் கோத்துக் காட்டிய விளக்கம் வேறு. கார்டைட் என்ற உந்துமருந்து பட்டுப் பைகளில் இருந்தது. பைகளின் முனையில் தீ பற்றவைக்கும் கரிமருந்துத் துண்டு. வேகமாகச் சுடவேண்டும் என்ற வெறியில் கிடங்குக் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள், பைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்தார்கள். டரெட் எனப்படும் பீரங்கிக் கூண்டில் ஒரு குண்டு வெடித்தால் தீ அந்தப் பைகளைப் பிடித்துக்கொண்டே கிடங்குக்குள் இறங்கியது. நான் இந்தப் பக்கம்தான். காரணம், லயன் என்ற கப்பல்.

லயன் அட்மிரல் பீட்டியின் கொடிக்கப்பல். அதன் நடு டரெட்டில் ஒரு ஜெர்மன் குண்டு நுழைந்து வெடித்தது. உள்ளே இருந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி சாகும் தருவாயில் கிடங்குக் கதவுகளைச் சாத்தித் தண்ணீர் நிரப்ப உத்தரவிட்டார். அரை மணி நேரம் கழித்து மிச்சமிருந்த பைகளில் தீ பற்றியபோது சுவாலை பாய்மர உயரத்துக்கு எழுந்தது. கீழே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கருகினார்கள். கப்பல் பிழைத்தது. அதற்கும் முன்பே அந்தக் கப்பலின் தலைமைப் பீரங்கி அலுவலர் அலெக்சாண்டர் கிரான்ட், பைகளை வெளியே குவிக்கக்கூடாது என்று பிடிவாதமாக ஒழுங்குபடுத்தியிருந்தார். வெடித்த குயின் மேரியைப் போன்ற கவசம், அதே கார்டைட், அதே வகைக் குண்டு. ஆட்கள் கதவைப் பூட்டினார்கள், ஆயிரம் பேர் வீடு திரும்பினார்கள். ஹார்விக்கு இறந்தபின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கிரான்டின் பெயரை இந்தத் துறையில் ஊறியவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள். அவர் செய்தது அந்த நாளின் மிகப் பெரிய காரியங்களுள் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

ஜெர்மானியர்கள் இந்தப் பாடத்தை 1915 ஜனவரி 24 அன்றே, டாகர் பேங்க் சண்டையில், உயிர் கொடுத்துக் கற்றிருந்தார்கள். சைட்லிட்ஸ் கப்பலின் பின்புற டரெட் ஒன்றில் பற்றிய தீ அடுத்த டரெட்டுக்கும் தாவியது. இரண்டிலும் இருந்த 150 பேருக்கு மேல் நொடிகளில் இறந்தார்கள். வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற பம்ப் பொறுப்பாளர், பழுக்கக் காய்ந்த வால்வு சக்கரங்களை வெறும் கையால் திருகிக் கிடங்கில் தண்ணீரை விட்டார். கப்பல் தப்பியது. ஜெர்மானிய மருந்தில் பெரும்பகுதி பித்தளை உறையில் இருந்ததும், அது வெடிப்பதைவிட எரிவதுதான் அதிகம் என்பதும் அவர்களுக்குக் கைகொடுத்தன.

அதே சைட்லிட்ஸ் ஜட்லாந்தில் 21 பெரிய குண்டுகளையும் ஒரு டார்பிடோவையும் வாங்கியது. உள்ளே 5,300 டன் தண்ணீர். முன்பகுதி தளம் வரை தாழ்ந்து, ஒரு கட்டத்தில் பின்பக்கமாகவே ஓட்டி, தரை தட்டித் தரை தட்டி, எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தது. சில மாதங்களில் மறுபடி கடலுக்கு வந்தது. நீர்புகா அறைகளை அவ்வளவு நெருக்கமாகப் பிரித்திருந்தார்கள். பலகையும் கட்டையுமாக முட்டுக்கொடுத்து, வாளியால்கூட இறைத்து, இரண்டு நாள் உறங்காத மனிதர்கள் உள்ளே இருந்தார்கள். அதன் தோழமைக் கப்பல் லூட்சோவ் 24 குண்டு வாங்கியது. முன்பகுதியில் நீர்க்கோட்டுக்குக் கீழே பட்ட சில அடிகளால் 8,000 டன் தண்ணீர் ஏறியது. இறைக்க முடியாமல், ஆட்களை மாற்றிவிட்டு ஜெர்மானியர்களே டார்பிடோ விட்டு மூழ்கடித்தார்கள். குண்டுகளின் எண்ணிக்கையில் வித்தியாசம் மூன்றுதான்.

சைட்லிட்ஸின் முடிவு எங்கே தெரியுமா? 1919 ஜூன் 21, ஸ்காட்லாந்தின் ஸ்கபா ஃப்ளோ. பிடிபட்டு நங்கூரத்தில் நின்ற ஜெர்மன் கப்பல்களை எதிரி கையில் விடக்கூடாது என்று அட்மிரல் ஃபான் ராய்ட்டர் உத்தரவிட, 74 கப்பல்களில் வால்வுகள் திறக்கப்பட்டன. 52 கப்பல்கள் மூழ்கின. ஜட்லாந்தில் அத்தனை குண்டு வாங்கியும் மூழ்காத சைட்லிட்ஸ், அன்று மதியத்துக்குப் பின் அமைதியான விரிகுடாவில் சில மணி நேரத்தில் கவிழ்ந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்குக்கு வரவேண்டும். பிஸ்மார்க்கைப் பிரிட்டிஷ்காரர்கள் மூழ்கடித்தார்களா, ஜெர்மானியர்களே மூழ்கடித்துக்கொண்டார்களா? இந்தக் கேள்வியில் 80 ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கள் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1941 மே 24 காலை டென்மார்க் நீரிணையில் பிஸ்மார்க் பிரிட்டனின் பெருமையான ஹூட் கப்பலைச் சில நிமிடங்களில் வெடிக்கவைத்தது. ஜட்லாந்துக்குப் பின் கூடுதல் கவசம் போட்டுக் கட்டிய கப்பல் அது. 1,415 பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிழைத்தார்கள். குண்டு எந்த வழியாகப் பின்புறக் கிடங்கை எட்டியது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. அதே சண்டையில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் 14 அங்குலக் குண்டு ஒன்று பிஸ்மார்க்கின் முன்பகுதியில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. வெடிக்கவேயில்லை. ஆனால் அந்த இரண்டு ஓட்டைகள் வழியே கடல் உள்ளே வந்தது, எரிபொருள் தொட்டிகள் கைக்கு எட்டாமல் போயின, அட்லாண்டிக் வேட்டையைக் கைவிட்டு பிஸ்மார்க் பிரான்ஸ் நோக்கித் திரும்பவேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் பட்ட எல்லாக் குண்டுகளிலும் அதிகம் சாதித்தது இந்த வெடிக்காத குண்டுதான் என்பேன். மே 26 மாலை ஆர்க் ராயல் விமானந்தாங்கியிலிருந்து வந்த சுவோர்ட்ஃபிஷ் விமானம் ஒன்றின் டார்பிடோ சுக்கானை முடக்கியது. இதுவும் தண்ணீருக்கடியில் விழுந்த அடி.

மறுநாள் காலை 8.47க்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராட்னியின் 16 அங்குலப் பீரங்கிகள் தொடங்கின. கிங் ஜார்ஜ் ஐந்தாம் மன்னரின் பெயர்கொண்ட கப்பலின் 14 அங்குலமும் சேர்ந்துகொண்டது. ஒன்பதரைக்குள் பிஸ்மார்க்கின் பெரிய பீரங்கிகள் எல்லாம் அடங்கிவிட்டன. அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் சுட்டார்கள். மொத்தம் 2,800க்கு மேற்பட்ட குண்டுகள். சுமார் 400 பட்டதாக மதிப்பீடு. மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்து அடித்தார்கள். கப்பல் எரிந்தது, மிதந்தது. பீரங்கியால் இதை மூழ்கடிக்க முடியவில்லை என்ற பொருளில் பிரிட்டிஷ் படைத் தலைவர் அட்மிரல் டோவி செய்தி அனுப்பினார். டோர்செட்ஷயர் என்ற க்ரூசர் டார்பிடோக்களை விட்டது. உள்ளே ஜெர்மானியப் பொறியாளர்கள் வெடி வைத்து வால்வுகளைத் தகர்த்தார்கள். 10.39 வாக்கில் பிஸ்மார்க் கவிழ்ந்து போனது. 2,200 பேரில் சுமார் 115 பேர் பிழைத்தார்கள். நீர்மூழ்கி பயத்தில் டோர்செட்ஷயர் மீட்பை நிறுத்திக்கொண்டு கிளம்பியபோது நூற்றுக்கணக்கானோர் தண்ணீரில் உயிரோடு இருந்தார்கள். இந்த வாக்குவாதத்தில் இறங்கும் எவரும் அவர்களை ஒரு நிமிடம் நினைக்கவேண்டும்.

1989இல் கடல் ஆய்வாளர் ராபர்ட் பல்லார்ட் 4,790 மீட்டர் ஆழத்தில் கூட்டைக் கண்டுபிடித்தார். 2002இல் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் இறங்கிப் பார்த்தார். 320 மில்லிமீட்டர் பிரதான கவசத்தைக் குண்டு துளைத்த தடங்கள் மிகச் சிலவே கண்ணில் பட்டன. இதை வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, கப்பல் தோற்கவில்லை, தானே போனது' என்று ஒரு கூட்டம் சொல்கிறது. எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது. கிட்டத்தில் இருந்து சுட்ட குண்டு தட்டையாகப் பறக்கும். நீர்க்கோட்டுக்குக் கீழே போகவேண்டிய குண்டு இடையிலுள்ள அலையில் வீணாகும். மிச்சமெல்லாம் மேல்கட்டில் விழும். பிரதான கவசத்துக்குள் புகுந்தாலும் உள்ளே சரிவாக அமைந்த இன்னொரு கவசத் தளம் காத்து நிற்கும். பிஸ்மார்க்கை அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அதன் உயிர்ப்பகுதி தப்பித்தது, அதில் இருந்த மனிதர்களும் கருவிகளும் தப்பிக்கவில்லை. வேண்டுமென்றே மூழ்கடிக்க நினைத்திருந்தால் டோவி டார்பிடோவை முன்பே அழைத்திருக்கவேண்டும் என்பது நியாயமான விமர்சனம்.

குண்டு பட்டும் வேலை நடக்காத இன்னொரு விதம் 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவருகே தெரிந்தது. ஜப்பானியப் போர்க்கப்பல்களின் கவசம் துளைக்கும் குண்டுகள், கவசமே இல்லாத சிறிய அமெரிக்க விமானந்தாங்கிகளின் தகட்டில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெடிக்காமல் போயின. காம்பியர் பே மட்டும் அடிமேல் அடி வாங்கி, தண்ணீர் ஏறி மூழ்கியது. அடுத்த தலைமுறை ஆயுதங்களிலும் கணக்கு மாறவில்லை. ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று அர்ஜென்டினாவின் க்ரூசர் பெல்கிரானோ பழைய பாணி டார்பிடோக்கள் இரண்டால் மூழ்கியது. 323 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரிட்டனின் ஷெஃபீல்டை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. கப்பல் எரிந்து தீர்ந்தும் மிதந்தது. மே 10 அன்று, இழுத்துப் போகும் வழியில் கொந்தளித்த கடல் ஓட்டை வழியே ஏறித்தான் அது மூழ்கியது.

பிஸ்மார்க்கைக் கடைசியாக அடித்த டோர்செட்ஷயர் நம் பக்கத்துக் கடலில் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முந்தின நாள் கொழும்பிலிருந்து கிளம்பிய டோர்செட்ஷயரையும் கார்ன்வாலையும் இலங்கைக்குத் தென்மேற்கே ஜப்பானிய விமானங்கள் பிடித்தன. செங்குத்தாக இறங்கி வந்த குண்டுகள் தளங்களைத் துளைத்து உள்ளேயே வெடித்தன. டோர்செட்ஷயர் சுமார் எட்டு நிமிடத்தில் மூழ்கியது. இரண்டு கப்பல்களிலும் 424 பேர் இறந்தார்கள். மீதி 1,122 பேர் மறுநாள் மீட்கப்படும் வரை எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் வெயிலோடு கிடந்தார்கள். நாலு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் விமானந்தாங்கியும் அதே விமானங்களால் போனது. பீரங்கிக் குண்டு பக்கவாட்டில் வந்து செய்ய முடியாததை விமானக் குண்டு தலைக்கு மேலிருந்து செய்தது. இரண்டு பெரிய கப்பல்கள் மோதிப் பார்க்கும் காலம் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

பிஸ்மார்க் கேள்விக்கு என் பதில் இது: பிரிட்டிஷ் பீரங்கி அதைக் காலை ஒன்பதரைக்குள் தோற்கடித்துவிட்டது. முன்பட்ட அடிகளும் டார்பிடோவும் தண்ணீரை உள்ளே அழைத்துவிட்டன. வால்வைத் திறந்த ஜெர்மானியர்கள் முடிவை விரைவுபடுத்தினார்கள். யாரும் திறக்காவிட்டாலும் அன்றே அது போயிருக்கும். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் ஆர்வம் பிறந்தவர்களுக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்கிறேன். ஜான் கேம்பெல் 1986இல் ஜட்லாந்து பற்றி எழுதிய ஆங்கில நூல். எந்தக் கப்பலில், எந்தக் குண்டு எங்கே பட்டது, என்ன உடைந்தது, எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அடி அடியாகப் பதிந்திருக்கிறார். கதை சுவாரசியமாக இருக்காது, மெதுவாகத்தான் படிக்க முடியும். சைட்லிட்ஸ் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.